தையல் மெஷின் பெட்டிக்குள் கம்ப்யூட்டர்!

திருவண்ணாமலையில் வளர்ந்த வெள்ளைக்காரச் சிறுவன் உயர்ந்ததும் விழுந்ததும்

1981ஆம் ஆண்டு. ஏப்ரல் மாதம்.

அமெரிக்காவில் உள்ள சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒரு கண்காட்சி நடந்தது. கம்ப்யூட்டர் கண்காட்சி.

அங்கே ஒரு மேஜை மீது ஒரு பெட்டி இருந்தது. கைப்பிடி வைத்த பெட்டி. பார்த்தால், தையல் மெஷினை வைத்து மூடிய பெட்டி போல இருந்தது.

பெட்டியின் கொக்கிகளை நீக்கினார்கள். மூடி தனியே கழன்று வந்தது. மூடியின் உள்பக்கத்தில் எழுத்துப் பலகை! டைப் மெஷினில் இருக்கிறதே, அதே போன்ற எழுத்துக் கட்டைகள். பெட்டியின் உள்ளே ஒரு குட்டித் திரை. பிளக்கைச் சொருகினார்கள். திரையில் எழுத்துகள் ஓடின.

அது ஒரு முழுக் கம்ப்யூட்டர்!

பார்த்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். கம்ப்யூட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு போகலாமா? ரயிலில் கொண்டு போகலாமா? விமானத்தில் கொண்டு போகலாமா? கண்காட்சி முழுவதும் இதே பேச்சு.

அந்தப் பெட்டியின் பெயர் "ஆஸ்பார்ன் 1". அதைக் கொண்டுவந்தவர் பெயர் ஆடம் ஆஸ்பார்ன்.

அவர் வெள்ளைக்காரர். ஆனால் தமிழ் பேசத் தெரிந்தவர். பிள்ளைப் பருவத்தில் அவர் ஓடி ஆடியது, நம் திருவண்ணாமலை மண்ணில்!

அவர் கதையைச் சொல்லுமுன், கம்ப்யூட்டர் எப்படிச் சிறுத்தது என்ற கதையைச் சொல்ல வேண்டும்.

30 டன் ராட்சதன்

இன்று உங்கள் வீட்டுப் பிள்ளையின் சட்டைப்பையில் செல்போன் இருக்கிறது. அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். ஆனால், அதன் முப்பாட்டனைப் பார்த்தால் நீங்கள் பயந்து போவீர்கள்.

1946ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ஒரு கம்ப்யூட்டரை மக்களுக்குக் காட்டினார்கள். அதன் பெயர் "எனியாக்". எடை 30 டன்! ஒரு பெரிய கூடம் முழுவதையும் அது அடைத்துக்கொண்டு நின்றது.

ஏன் அவ்வளவு பெரிது? அதற்குள் சுமார் 18,000 வால்வுகள் இருந்தன. பழைய ரேடியோக்களில் சூடாகி மினுமினுக்கும் கண்ணாடிக் குமிழ் இருந்ததே, அதுதான் வால்வு. வால்வு சூட்டைக் கக்கும். அடிக்கடி பழுதாகும். இடத்தை அடைக்கும்.

1947ஆம் ஆண்டு "டிரான்சிஸ்டர்" கண்டுபிடிக்கப்பட்டது. வால்வு செய்த வேலையை இந்தச் சின்னப் பொருள் செய்தது. சூடு குறைவு. மின்சாரச் செலவும் குறைவு. நம் ஊர்களில் கையில் தூக்கிச் செல்லும் ரேடியோவுக்கு "டிரான்சிஸ்டர்" என்றே பெயர் வந்தது அல்லவா? அது இதனால்தான்.

அடுத்து, பல டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் பதிக்கக் கற்றுக்கொண்டார்கள். 1971ஆம் ஆண்டு "இன்டெல்" கம்பெனி ஒரு சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விரல் நகம் அளவுதான் இருக்கும். அதற்குள் 2,300 டிரான்சிஸ்டர்கள்! கம்ப்யூட்டரின் மூளையையே ஒரு சில்லில் அடக்கிவிட்டார்கள்.

இந்தச் சில்லு எதற்காகச் செய்யப்பட்டது தெரியுமா? ஜப்பானிய கம்பெனி ஒன்று கணக்குப் போடும் மெஷினுக்காகக் கேட்டது. அதற்காகச் செய்த சில்லு, உலகத்தையே மாற்றிவிட்டது.

முதலாளியின் சட்டைப்பை

அமெரிக்காவில் "ஹியூலெட் பேக்கார்டு" என்று ஒரு கம்பெனி. அதன் முதலாளிகளில் ஒருவர் பில் ஹியூலெட். கணக்குப் போடும் பெரிய மெஷின்களை அந்தக் கம்பெனி செய்து வந்தது. மேஜையை அடைத்துக்கொள்ளும் மெஷின்கள்.

ஹியூலெட் தம் என்ஜினீயர்களை அழைத்தார். "இது என் சட்டைப்பைக்குள் அடங்க வேண்டும்" என்பது அவர் போட்ட நிபந்தனை.

என்ஜினீயர்கள் உட்கார்ந்து உழைத்தார்கள். 1972ஆம் ஆண்டு அந்த மெஷின் வெளிவந்தது. அதில் 35 பொத்தான்கள் இருந்தன. அதனால் "எச்.பி. 35" என்றே பெயர் வைத்தார்கள். எடை கால் கிலோதான். விலை 395 டாலர்.

"இவ்வளவு விலை கொடுத்து இதை யார் வாங்குவார்கள்?" என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால், மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது!

அதுவரை என்ஜினீயர்கள் "ஸ்லைடு ரூல்" என்ற அளவுகோலைத்தான் நம்பியிருந்தார்கள். அதை இழுத்து, நகர்த்தி, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். சில ஆண்டுகளில் ஸ்லைடு ரூல் பரணுக்குப் போய்விட்டது.

ஆனால் இதைக் கம்ப்யூட்டர் என்று சொல்ல முடியாது. ஏன்?

கால்குலேட்டருக்கு ஒவ்வொரு கணக்கையும் நாம்தான் தட்டிக்கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் அப்படி அல்ல. "முதலில் இதைச் செய். பிறகு அதைச் செய். விடை 100க்கு மேல் போனால் நிறுத்து" என்று ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் போதும். மனப்பாடம் செய்துகொண்டு, தானே செய்து முடிக்கும். இப்படிச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான் "புரோகிராம்" என்று பெயர்.

1974ஆம் ஆண்டு அதே கம்பெனி "எச்.பி. 65" என்ற மெஷினைக் கொண்டுவந்தது. கைக்குள் அடங்கும் இந்த மெஷினுக்குப் புரோகிராம் சொல்லிக்கொடுக்கலாம். அதை ஒரு சிறிய காந்த அட்டையில் சேமித்தும் வைக்கலாம். 1975ஆம் ஆண்டு அமெரிக்க விண்கலமும் ரஷிய விண்கலமும் வானத்தில் கைகோத்தன அல்லவா? அப்போது அமெரிக்க வீரர்கள் இந்த மெஷினைத் தங்களோடு எடுத்துப் போனார்கள்.

1980ஆம் ஆண்டு ஜப்பானின் "ஷார்ப்" கம்பெனி, பையில் வைக்கும் கம்ப்யூட்டரையே விற்கத் தொடங்கியது. அதில் எண்கள் மட்டுமல்ல, ஆங்கில எழுத்துகள் முழுவதும் உண்டு. "பேசிக்" என்ற கம்ப்யூட்டர் மொழியும் அதற்குத் தெரியும்.

ஆனால் திரையில் ஒரே ஒரு வரிதான் தெரியும். அந்த வரியில் 24 எழுத்துகள்தான். கணக்குப் போடலாம். ஒரு கடிதம் எழுத முடியுமா? ஒரு கடையின் வரவு செலவை விரித்துப் பார்க்க முடியுமா? முடியாது.

அரிசி மூட்டையைத் தூக்குவது போல

அப்படியானால் முழுக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போக வழியே இல்லையா?

இருந்தது. 1975ஆம் ஆண்டு ஐ.பி.எம். கம்பெனி ஒன்றைச் செய்தது. "எடுத்துச் செல்லும் கம்ப்யூட்டர்" என்று அதை விளம்பரம் செய்தார்கள். எடை ஏறக்குறைய 25 கிலோ. ஒரு சிப்பம் அரிசியைத் தூக்குவது போலத்தான்! விலையோ 8,975 டாலரில் தொடங்கி 20,000 டாலரைத் தொட்டது. பெரிய கம்பெனிகள்தான் வாங்க முடிந்தது.

"ஜெராக்ஸ்" கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்திலும் ஒரு பெட்டிக் கம்ப்யூட்டர் செய்தார்கள். அதுவும் 20 கிலோவைத் தாண்டியது. சுமார் பத்து மெஷின்கள் செய்ததோடு சரி. விற்பனைக்கு வரவே இல்லை.

ஆக, பைக்குள் அடங்கியதில் வேலை நடக்கவில்லை. வேலை நடந்ததை வாங்க முடியவில்லை.

இந்த இடத்தில்தான் ஆடம் ஆஸ்பார்ன் வருகிறார்.

அருணாசல மலை அடிவாரத்தில்

ஆடம் பிறந்தது 1939ஆம் ஆண்டு மார்ச் 6ந் தேதி. பிறந்த ஊர் தாய்லாந்தின் பாங்காக் நகரம். தந்தை ஆர்தர் ஆஸ்பார்ன் ஆங்கிலேயர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். தாயார் லூசியா போலந்து நாட்டுக்காரர்.

தந்தைக்கு ரமண மகரிஷியிடம் மிகுந்த பக்தி. இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. மனைவியும் குழந்தைகளும் திருவண்ணாமலைக்கு வந்து தங்கினார்கள். தந்தை பாங்காக்கில் இருந்தார்.

1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பான் படை தாய்லாந்துக்குள் புகுந்தது. ஆங்கிலேயர் என்பதால் தந்தையைப் பிடித்து முகாமில் அடைத்துவிட்டார்கள். போர் முடியும் வரை அவர் கைதி.

இங்கே திருவண்ணாமலையில், அப்பா எப்போது வருவார் என்று தெரியாமல் குழந்தைகள் வளர்ந்தார்கள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் தமிழர்கள். சிறுவன் ஆடம் தமிழைச் சரளமாகப் பேசக் கற்றுக்கொண்டான்.

1945ஆம் ஆண்டு போர் முடிந்தது. தந்தை உயிரோடு திரும்பி வந்தார். குடும்பம் திருவண்ணாமலையிலேயே தங்கியது. பிற்காலத்தில் ரமணரைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் எழுதிய ஆர்தர் ஆஸ்பார்ன் இவர்தான்.

ஆடம் கொடைக்கானலில் பள்ளிக்கூடம் போனான். 11ஆவது வயதில் மேல்படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான்.

இந்த இரண்டு ஊர்களையும் மறந்துவிடாதீர்கள். கதையின் முடிவில் மறுபடியும் வருவோம்.

கெமிஸ்ட்ரி படித்தவர் கம்ப்யூட்டர் புத்தகம் எழுதினார்

ஆடம் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ரசாயன என்ஜினீயரிங் படித்தார். 1961ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்கா போனார். 1968ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் வாங்கினார். "ஷெல்" எண்ணெய்க் கம்பெனியில் வேலை கிடைத்தது.

கை நிறையச் சம்பளம். ஆனால் மனம் ஒட்டவில்லை. கம்ப்யூட்டர் மீது ஆசை வந்துவிட்டது. வேலையை விட்டார்.

புதிய சில்லுகள் வந்துகொண்டிருந்த நேரம் அது. அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. ஆடம் எழுதினார். சிறிய கம்ப்யூட்டர்களைப் பற்றி ஒரு புத்தகம். தாமே அச்சிட்டார். கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்த இளைஞர்கள் கூடும் கூட்டங்களுக்குப் புத்தகங்களை எடுத்துப் போய் விற்றார்.

புத்தகம் நன்றாக ஓடியது. ஒன்று பத்தாகி, பத்து நாற்பதாயிற்று. 1979ஆம் ஆண்டு "மெக்ரா ஹில்" என்ற பெரிய கம்பெனி அவருடைய பதிப்பகத்தை விலைக்கு வாங்கிக்கொண்டது.

கையில் பணம் வந்தது. வேறொருவராக இருந்தால் வீடு வாங்கி உட்கார்ந்திருப்பார். ஆடம் உட்காரவில்லை.

பத்திரிகைகளிலும் அவர் எழுதி வந்தார். "கம்ப்யூட்டர் கம்பெனிகள் சரியில்லை. மக்களுக்கு எது தேவை என்று அவர்களுக்குத் தெரியவில்லை" என்பது அவர் எழுத்தின் சாரம். "அப்படியானால் நீயே செய்து காட்டு" என்று யாரும் கேட்கும் முன்னால், அவரே களத்தில் இறங்கிவிட்டார்.

விமான இருக்கையே அளவுகோல்

ஆடத்துக்கு எலெக்ட்ரானிக்ஸ் வடிவமைப்பு தெரியாது. அது தெரிந்த ஒருவரைப் பிடித்தார். அவர் பெயர் லீ பெல்சன்ஸ்டைன். இளைஞர்களின் கம்ப்யூட்டர் கூட்டங்களை முன்னின்று நடத்தியவர் அவர்தான்.

ஆடம் சொன்ன யோசனை எளியது. பெட்டி, விமானத்தில் இருக்கைக்கு அடியில் நுழைய வேண்டும். அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும். விலை குறைவாக இருக்க வேண்டும்.

அவ்வளவுதான் இடம் என்றால் பெரிய திரை வைக்க முடியுமா? முடியாது. அதனால் 5 அங்குலத் திரை வைத்தார்கள். தபால் கார்டைவிடச் சிறியது! ஒரு வரியில் 52 எழுத்துகள்தான் தெரியும். நீளமான வரியாக இருந்தால், ஜன்னலைத் தள்ளித் தள்ளித் தெருவைப் பார்ப்பது போல, திரையை நகர்த்தி நகர்த்திப் படிக்க வேண்டும்.

திரையின் இரு பக்கமும் "பிளாப்பி" ஓட்டும் கருவிகள். உறைக்குள் இருக்கும் மெல்லிய தட்டுதான் பிளாப்பி. கிராமபோன் தட்டில் பாட்டு இருப்பது போல, இதில் நாம் எழுதியது இருக்கும். தட்டுகளை வைக்கப் பெட்டியிலேயே இரண்டு அறைகளும் உண்டு.

மொத்த எடை சுமார் 11 கிலோ. பாட்டரி கிடையாது. போகிற இடத்தில் பிளக் இருந்தால்தான் வேலை செய்யும்.

ஞாபகசக்தி 64 கிலோபைட். அதாவது சுமார் 65,000 எழுத்துகளை மனத்தில் வைத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். இன்று சாதாரணச் செல்போனில் 4 ஜிகாபைட் இருக்கிறது. அப்படியானால் எத்தனை மடங்கு? 65,536 மடங்கு!

"போதுமான அளவுக்கு இருந்தால் போதும். அதற்கு மேல் அலங்காரம் வேண்டாம்" என்பதுதான் ஆடத்தின் கொள்கை.

சாப்பாட்டோடு பாயசமும்!

ஆடம் செய்த பெரிய தந்திரம் வேறு ஒன்று.

அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் வாங்கினால், வெறும் மெஷின்தான் வரும். அதில் கடிதம் எழுதத் தனியாக ஒரு புரோகிராம் வாங்க வேண்டும். கணக்குப் பார்க்கத் தனியாக ஒன்று. மெஷின் வாங்கிய பிறகும் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

ஆடம் என்ன செய்தார்? எழுதும் புரோகிராம், கணக்குப் பார்க்கும் புரோகிராம், கம்ப்யூட்டர் மொழிகள் எல்லாவற்றையும் பெட்டியோடு சேர்த்தே கொடுத்தார். தனித்தனியாக வாங்கினால் அவற்றுக்கே சுமார் 1,500 டாலர் ஆகும்.

ஆஸ்பார்ன் 1 விலை எவ்வளவு? எல்லாம் சேர்த்து 1,795 டாலர்! அன்றைய நம் பணத்தில் ஏறக்குறைய 15,500 ரூபாய்.

புரோகிராம் எழுதிய கம்பெனிகளோடு அவர் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டார். மொத்தமாகப் பிடித்ததால் மலிவாகக் கிடைத்தது. புத்தக வியாபாரம் கற்றுக்கொடுத்த பாடம் இது.

சாப்பாட்டு விலைக்கே பாயசமும் போட்டால் பந்தியில் இடம் இருக்குமா? ஆர்டர்கள் குவிந்தன. கணக்குப் பிள்ளைகள் வாங்கினார்கள். எழுத்தாளர்கள் வாங்கினார்கள். ஊர் ஊராகப் போகும் விற்பனையாளர்கள் வாங்கினார்கள். ஒரே மாதத்தில் 10,000 பெட்டிகள் விற்ற காலமும் உண்டு!

அதற்கு முன் தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டர்கள் வந்ததில்லையா? வந்தன. ஆனால், சாதாரண மக்கள் வாங்கிப் பயன்படுத்தி, வியாபாரத்தில் வெற்றி கண்ட முதல் பெட்டி ஆஸ்பார்ன் 1தான்.

போட்டி வந்தது

வெற்றியைப் பார்த்தால் போட்டி வராமல் இருக்குமா?

1982ஆம் ஆண்டு "கேப்ரோ" என்ற பெட்டி வந்தது. விலை அதே 1,795 டாலர். ஆனால் திரை 9 அங்குலம்! ஒரு வரி முழுவதும் அப்படியே தெரிந்தது. திரையை நகர்த்த வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம் ஐ.பி.எம். கம்பெனி 1981ஆம் ஆண்டு ஆகஸ்டில் தன் மேஜைக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. நாளடைவில் எல்லாரும் அதன் வழிக்கே திரும்பினார்கள். அதற்காக எழுதிய புரோகிராம்கள் ஆஸ்பார்ன் பெட்டியில் ஓடாது. 1983ஆம் ஆண்டு "காம்பாக்" என்ற கம்பெனி, ஐ.பி.எம். புரோகிராம்களை ஓட்டும் பெட்டிக் கம்ப்யூட்டரை விற்கத் தொடங்கியது. விலை அதிகம். எடையும் அதிகம். ஆனாலும் மக்கள் அதைத் தேடிப் போனார்கள்.

ஆடம் சும்மா இருக்கவில்லை. பெரிய திரை வைத்த புதுப் பெட்டியைத் தயாரித்தார். அதன் பெயர் "எக்சிக்யூட்டிவ்". திரை 7 அங்குலம். விலை 2,495 டாலர்.

இங்கேதான் சறுக்கியது.

வாய் திறந்தது, வியாபாரம் படுத்தது

புதுப் பெட்டி கடைக்கு வருவதற்கு முன்பே, அதைப் பற்றிய பேச்சு வெளியே பரவிவிட்டது.

தீபாவளிக்கு ஜவுளி எடுக்கப் போகிறீர்கள். "அடுத்த வாரம் இதைவிட நல்ல சரக்கு வருகிறது" என்று கடைக்காரரே சொல்கிறார். நீங்கள் இன்று எடுப்பீர்களா? திரும்பி வந்துவிடுவீர்கள். கடையில் இருக்கும் பழைய சரக்கு அப்படியே தங்கிவிடும்.

அதுதான் நடந்தது. "புதுசு வரட்டும்" என்று கடைக்காரர்கள் பழைய பெட்டிக்கு ஆர்டர் கொடுப்பதை நிறுத்தினார்கள். புதுப் பெட்டி போதுமான அளவுக்கு வந்து சேரவில்லை. நடுவில் பணவரவு நின்றுவிட்டது.

இன்றும் வியாபாரப் பள்ளிகளில் இதை ஒரு பாடமாகச் சொல்கிறார்கள். புதுச் சரக்கைப் பற்றி முன்கூட்டியே சொல்லி, பழைய சரக்கைத் தானே கெடுத்துக்கொள்வதற்கு "ஆஸ்பார்ன் விளைவு" என்றே பெயர்!

ஆனால் இது மட்டும்தான் காரணமா? "இல்லை" என்று சொல்பவர்களும் உண்டு. கம்பெனி மளமளவென்று வளர்ந்தது. கணக்கு வழக்கு அந்த வேகத்துக்கு வளரவில்லை. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று சரியாகத் தெரியவில்லை. பங்குகளை மக்களுக்கு விற்கலாம் என்று 1983ஆம் ஆண்டு திட்டம் போட்டார்கள். கணக்கைப் புரட்டிப் பார்த்தால், லாபம் என்று நினைத்த இடத்தில் நஷ்டம்! திட்டம் நின்று போனது.

போட்டி ஒரு பக்கம். வாய் ஒரு பக்கம். கணக்கு ஒரு பக்கம். மூன்றும் சேர்ந்து கம்பெனியைக் கவிழ்த்தன.

மஞ்சள் கடுதாசி

1983ஆம் ஆண்டு செப்டம்பர் 13ந் தேதி. ஆஸ்பார்ன் கம்பெனி கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்தது!

உலகம் வியந்த பெட்டி, சந்தைக்கு வந்து இரண்டு ஆண்டு சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

ஆடம் ஓடி ஒளியவில்லை. தம் கம்பெனி வளர்ந்ததையும் விழுந்ததையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1984ஆம் ஆண்டு அது வெளிவந்தது.

அதே ஆண்டில் இன்னொரு கம்பெனியும் தொடங்கினார். புரோகிராம்களை மலிவு விலைப் புத்தகம் போல விற்கும் கம்பெனி. மற்றவர்கள் 495 டாலருக்கு விற்ற மாதிரியான புரோகிராமை அவர் 100 டாலருக்குக் கொடுத்தார். "லோட்டஸ்" என்ற பெரிய கம்பெனி, "இது எங்களுடையதைப் பார்த்துச் செய்தது" என்று 1987ஆம் ஆண்டு வழக்குப் போட்டது. 1990ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. ஆடம் பக்கம் தோற்றது.

இரண்டாம் முறையும் அடி.

விதை வீண் போகவில்லை

ஆடம் விழுந்தார். ஆனால் அவர் போட்ட பாதையில் மற்றவர்கள் நடந்தார்கள்.

ஜப்பானின் "எப்சன்" கம்பெனி 1982ஆம் ஆண்டு ஒரு கம்ப்யூட்டரை விற்றது. நோட்டுப் புத்தகம் அளவு. எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். உள்ளேயே பாட்டரி. குட்டி அச்சு மெஷினும் உண்டு!

1983ஆம் ஆண்டு "மாடல் 100" என்ற கம்ப்யூட்டர் வந்தது. டார்ச்சு விளக்கில் போடுவது போல நான்கு சிறிய பாட்டரி போட்டால் 20 மணி நேரம் ஓடும். பத்திரிகை நிருபர்களுக்கு இது வரப்பிரசாதமாக அமைந்தது. சம்பவம் நடந்த ஊரிலேயே உட்கார்ந்து செய்தியைத் தட்டுவார்கள். டெலிபோன் கம்பி வழியாக அப்படியே ஆபீசுக்கு அனுப்புவார்கள்.

1984ஆம் ஆண்டு இங்கிலாந்தில் "சையன்" கம்பெனி, கையடக்க நாட்குறிப்புக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது.

1990களில் ஜெப் ஹாக்கின்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு வேடிக்கை செய்தார். ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பைக்குள் அடங்கும்படி அறுத்துக்கொண்டார். போகும் இடமெல்லாம் அதை எடுத்துப் போனார். யாராவது டெலிபோன் நம்பர் சொன்னால், கட்டையை எடுத்து அதில் குறிப்பது போல நடிப்பார். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். அவர் கவலைப்படவில்லை. பையில் எது உறுத்துகிறது, எது உறுத்தவில்லை என்று கட்டையை வைத்தே தெரிந்துகொண்டார். 1996ஆம் ஆண்டு அந்தக் கட்டை, "பைலட்" என்ற கம்ப்யூட்டராக மாறியது. வெற்றியும் பெற்றது.

25 ஆண்டுகளுக்கு முன் பில் ஹியூலெட் போட்ட அதே நிபந்தனைதான். சட்டைப்பைக்குள் அடங்க வேண்டும்! கால்குலேட்டர் அடங்கிய அந்தப் பையில் இப்போது கம்ப்யூட்டரும் அடங்கிவிட்டது. பிறகு டெலிபோனும் அதோடு சேர்ந்தது. 2007ஆம் ஆண்டு "ஐபோன்" வந்த பின், கம்ப்யூட்டர் இல்லாத சட்டைப்பையே அபூர்வம் என்றாகிவிட்டது.

மறுபடியும் மலைக்கு

ஆடம் என்ன ஆனார்?

உடல்நலம் கெட்டது. மூளையில் நோய். சிறு சிறு பக்கவாதங்கள் வந்து அவரை வாட்டின. வேகமாகப் பேசி, வேகமாக எழுதி, வேகமாக ஓடிய மனிதர், மெல்ல மெல்ல ஒடுங்கினார்.

1992ஆம் ஆண்டு அவர் இந்தியாவுக்குத் திரும்பினார். எங்கே வந்தார் தெரியுமா? கொடைக்கானலுக்கு! சிறுவனாகப் புத்தகப் பை தூக்கிய அதே ஊர். அங்கே அவருடைய சகோதரி இருந்தார். அவர் வீட்டில் தங்கினார்.

2003ஆம் ஆண்டு மார்ச் 18ந் தேதி, கொடைக்கானலில் தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 64.

அவர் பெயரால் இன்று எந்தக் கம்ப்யூட்டரும் விற்கவில்லை. பாடப் புத்தகத்தில் அவர் பெயர் ஒரு தவறுக்குத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால், "கம்ப்யூட்டர் என்பது பெரிய கம்பெனியின் சொத்து அல்ல, சாதாரண மனிதன் கையில் தூக்கிப் போகும் பொருள்" என்று விலை போட்டு விற்றுக் காட்டியவர் அவர்.

அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது, பையிலிருந்து செல்போனை எடுப்பீர்கள். எடை கால் கிலோகூட இராது. அப்போது 11 கிலோ பெட்டியை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

திருவண்ணாமலைத் தெருவில் தமிழ் பேசி விளையாடிய அந்தச் சிறுவனையும் நினைத்துக்கொள்ளுங்கள்.